பழைய பெட்டி, புது விண்டோஸ், பேசாத கீபோர்டு

கணினி உலகின் பழைய ஜோக் ஒன்று பலருக்கும் தெரிந்திருக்கும். பெட்டியை ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் பயாஸ் ஒரு செய்தி சொல்லும்: கீபோர்டைக் காணவில்லை, தொடர எஃப்1 விசையை அழுத்தவும். காணாமல் போன கீபோர்டில் எஃப்1 விசையை எங்கே தேடுவது? சிரித்துவிட்டுப் போய்விடலாம்தான். ஆனால் இந்த ஜோக்குக்குப் பின்னால் முப்பது நாற்பது வருட வரலாறு இருக்கிறது. அதில் ஒரு பாதி வயரும் பின்னும் சம்பந்தப்பட்டது. மறு பாதி மனித விரல் சம்பந்தப்பட்டது. வயர் கதை உலகத்துக்கே பொது. விரல் கதை நம்மூர்க் கதை. திருச்சி, ஸ்ரீரங்கம் மாதிரி தட்டச்சு கற்றுப் பிழைத்த ஊர்களின் கதை.

முதலில் திருச்சி ஏன் தட்டச்சு ஊர் ஆனது என்று பார்த்துவிடலாம். வெள்ளைக்காரன் காலத்தில் தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் தலைமையகம் திருச்சியில் இருந்தது. 1920களின் கடைசியில் பொன்மலை ரயில்வே பணிமனையும் நாகப்பட்டினத்திலிருந்து இங்கே வந்து சேர்ந்தது. ரயில்வே என்றால் என்ஜின் மட்டுமா? ஒரு வண்டி ஓட ஒன்பது காகிதம் ஓட வேண்டும். குமாஸ்தா வேண்டும், டைப்பிஸ்ட் வேண்டும், ஸ்டெனோ வேண்டும். சுதந்திரத்துக்குப் பிறகு 1960களில் திருவெறும்பூர் பக்கம் பெல் தொழிற்சாலை வந்தது. அங்கேயும் அதே தேவை. ஸ்ரீரங்கத்து உத்திர வீதி, சித்திரை வீதிப் பையன்களில் எத்தனையோ பேர் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு டைப்பும் ஷார்ட்ஹேண்டும் கற்றுக்கொண்டு பம்பாய்க்கும் தில்லிக்கும் கல்கத்தாவுக்கும் ரயிலேறினார்கள். அந்தத் தலைமுறைக்கு ஹையர் கிரேடு சான்றிதழ் என்பது இன்றைய எஞ்சினீயரிங் டிகிரிக்குச் சமம். சொல்லப்போனால் அதைவிட உறுதியான வேலை.

பயிலகங்களில் இருந்தவை ரெமிங்டன், ஹால்டா, ஃபேசிட், கோத்ரெஜ். 1955இல் கோத்ரெஜ் பம்பாயில் இந்தியாவிலேயே தட்டச்சுப் பொறி செய்ய ஆரம்பித்தது. ஆங்கிலத்துக்கு ஏ, எஸ், டி, எஃப் என்று ஆரம்பிக்கும் பாடம். தமிழுக்கு 'யளனகபக'. இடது கை விரல்கள் நடுவரிசையில் உட்கார்ந்தால் சுண்டு விரலுக்கு ய, அடுத்து ள, ன, க, ப. இந்த ஆறெழுத்து மந்திரத்தை நாள்கணக்கில் அடித்துத் தேய்த்தவர்களுக்கு எழுபது வயதிலும் விரல் மறக்காது. இது முக்கியம், பின்னால் திரும்ப வரும்.

தமிழ்த் தட்டச்சுப் பொறியை நமக்குத் தந்தவர் யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா. அவருடைய சிக்கலைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஆங்கிலத்துக்கு 26 எழுத்து. தமிழுக்கு 247. இருக்கும் விசைகளோ நாற்பத்துச் சொச்சம். எழுத்துகளை உடைத்தால்தான் வழி. கொம்பைத் தனியாக, காலைத் தனியாக, புள்ளியைத் தனியாக வைத்தார். 'கொ' வேண்டுமென்றால் கொம்பு, க, கால் என்று மூன்று அடி. கண் பார்க்கிற வரிசையிலேயே விரல் அடிக்கும். புள்ளிக்கு இன்னொரு தந்திரம். அந்த விசையை அடித்தால் உருளை நகராது. முதலில் புள்ளி விழும், காகிதம் அப்படியே நிற்கும், அடுத்து அதே இடத்தில் க விழும், 'க்' தயார். பேசும்போது க முதலில், புள்ளி பிறகு. பொறியிலோ புள்ளி முதலில், க பிறகு. இரும்புக்கு வேறு வழியில்லை. தமிழ்த் தட்டச்சர்களின் விரல்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் இந்தத் தலைகீழ் வரிசையில் பழகின.

இப்போது கணினிக்கு வருவோம்.

1981இல் ஐபிஎம் தன் முதல் பிசியை வெளியிட்டபோது அதன் கீபோர்டில் 83 விசைகள். பின்பக்கம் ஐந்து முள் கொண்ட தடித்த வட்ட பிளக். ரேடியோ, டேப் ரிக்கார்டர்களில் இருந்ததே அந்த பிளக். அந்தக் கீபோர்டு பேசும், கேட்காது. அதாவது எந்த விசை அழுத்தப்பட்டது என்று கணினிக்குச் சொல்லும், கணினி அதற்கு எதுவும் சொல்ல முடியாது. 1984இல் பிசி ஏடி வந்தபோது பேச்சு இருவழி ஆனது. கேப்ஸ் லாக் விளக்கை எரியச் சொல்வது இன்றுவரை கணினிதான், கீபோர்டு அல்ல. ஆனால் ஐபிஎம் ஒரு வேலை செய்தது: பேச்சு மொழியை மாற்றிவிட்டு பிளக்கை மட்டும் அப்படியே விட்டுவிட்டது. பழைய கீபோர்டு புதுப் பெட்டியில் கச்சிதமாகச் செருகும், ஆனால் வேலை செய்யாது. அந்தக் காலக் கீபோர்டுகள் சிலவற்றைக் கவிழ்த்துப் பார்த்தால் எக்ஸ்டி, ஏடி என்று ஒரு குட்டி சுவிட்ச் இருக்கும். இந்தக் குழப்பத்துக்காக வைத்ததுதான் அது.

1987இல் ஐபிஎம் பிஎஸ்/2 வரிசையை இறக்கியது. இந்த முறை நேர் எதிர். பிளக்கை மாற்றி ஆறு முள் குட்டி வட்டம் ஆக்கியது, ஏடி கீபோர்டின் மொழியை மாற்றவில்லை. அதனால் ஏடி கீபோர்டைப் புதுப் பெட்டியில் போட வேண்டுமென்றால் உள்ளே ஒன்றுமே இல்லாத ஒரு மாற்று பிளக் போதும். கணினிக் கடைகளில் அது கிடைத்தவரை பழைய கீபோர்டுகள் பிழைத்தன. 1995இல் ஏடிஎக்ஸ் மதர்போர்டுகள் வந்த பிறகு இந்தக் குட்டி வட்டங்கள்தான் எல்லாப் பெட்டியின் முதுகிலும். கீபோர்டுக்கு ஊதா, மவுசுக்குப் பச்சை என்று நிறம் வந்தது அதற்கும் பிறகு, பிசி 99 என்ற நெறிமுறையால். நிறம் வராத பெட்டிகளில் மேசைக்கு அடியில் குனிந்து தடவித் தடவிச் செருகி, இரண்டையும் மாற்றிப் போட்டு, இரண்டும் வேலை செய்யாமல் விழித்தவர்கள் ஏராளம்.

மவுசின் கதை இன்னும் வேடிக்கை. ஆரம்பத்தில் பிசிக்கு மவுஸ் என்றே தனி ஓட்டை கிடையாது. மோடத்துக்காக வைத்திருந்த ஒன்பது முள் சீரியல் போர்ட்டில் போய் ஒட்டிக்கொண்டது. அந்தப் போர்ட்டில் மின்சாரம் தரத் தனி முள் இல்லை. ஆகவே சமிக்ஞைக் கம்பிகளிலிருந்தே கொஞ்சம் உறிஞ்சிக் குடித்து உயிர் வாழ்ந்தது அந்த எலி. கணினி அந்தக் கம்பிகளை ஒருமுறை அணைத்து ஏற்றினால் மவுஸ் 'எம்' என்ற ஓர் எழுத்தை அனுப்பும். நான் மவுஸ், இங்கேதான் இருக்கிறேன் என்று அர்த்தம். பல வருடங்கள் கழித்து இதே ஏற்பாடு விண்டோஸில் ஒரு கூத்து நடத்தியது. சீரியல் போர்ட்டில் ஜிபிஎஸ் கருவியை மாட்டிவிட்டுக் கணினியை ஆன் செய்தால், அது விடாமல் அனுப்பும் எழுத்துகளைப் பார்த்து விண்டோஸ் 'ஆகா, மவுஸ்!' என்று முடிவு கட்டிவிடும். திரையில் அம்புக்குறி பேய் பிடித்தது போல ஓடும், தானாகவே கிளிக் செய்யும். கருவியைப் பிடுங்கினால் பேய் இறங்கும்.

பிஎஸ்/2 மவுசுக்கும் இப்படி ஒரு ரகசியம் உண்டு. அது ஒவ்வொரு அசைவுக்கும் மூன்று பைட் அனுப்பும். 1996இல் மைக்ரோசாஃப்ட் சக்கரம் வைத்த மவுசைக் கொண்டுவந்தபோது நான்காவது பைட் தேவைப்பட்டது. பழைய கணினியில் மாட்டினால் இந்த நான்காவது பைட் குழப்பிவிடும். என்ன செய்தார்கள் தெரியுமா? புது இயங்குதளம் மவுசிடம் அடுத்தடுத்து மூன்று எண்கள் சொல்லும்: 200, 100, 80. வேகத்தை மாற்றச் சொல்லும் சாதாரணக் கட்டளைதான். ஆனால் இந்த வரிசையில் கேட்டால் சக்கர மவுஸ் புரிந்துகொண்டு நான்கு பைட்டுக்கு மாறிவிடும். பழைய மவுஸ் தலையும் புரியாமல் வாலும் புரியாமல் வேகத்தை மட்டும் மாற்றிக்கொண்டு சும்மா இருக்கும். ரகசியச் சொல் சொல்லி உள்ளே போகும் அலிபாபா கதை மாதிரி! ஒரே கீபோர்டு மவுசை இரண்டு பெட்டிக்கு மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் சுவிட்ச் பெட்டி நடுவில் இருந்தால் சில சமயம் இந்தப் பேச்சில் ஒரு பைட் தவறிவிடும். அப்புறம் கணினி மூன்று என்று நினைக்கும், மவுஸ் நான்கு அனுப்பும். அம்புக்குறி திரையின் மூலையில் போய் ஒட்டிக்கொள்ளும்.

1996 ஜனவரியில் யுஎஸ்பி வந்தது. விண்டோஸ் 98இல்தான் அது உருப்படியாக வேலை செய்தது. அதே 1998இல் ஆப்பிள் தன் ஐமேக்கில் பழைய ஓட்டைகளையெல்லாம் தூக்கிவிட்டு யுஎஸ்பி மட்டும் வைத்தது. பிசி உலகம் அவ்வளவு துணியவில்லை. அது நல்லதா கெட்டதா என்று கேட்டால், நம் ஊருக்கு நல்லது. ஏனென்றால் பிஎஸ்/2 கீபோர்டு இயங்குதளத்தைக் கெஞ்ச வேண்டியதில்லை. விசையை அழுத்தினால் நேராக ப்ராசசரைத் தட்டி எழுப்பும். யுஎஸ்பி கீபோர்டை மதர்போர்டு கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், 'ஏதாவது இருக்கா, ஏதாவது இருக்கா' என்று. அப்படிக் கேட்பதற்கு ஒரு மென்பொருள் வேண்டும். இயங்குதளம் எழுந்திருப்பதற்கு முன் அந்த மென்பொருள் எங்கிருந்து வரும்? பயாஸ் அந்த வேலையைப் பார்க்கிறது. யுஎஸ்பி கீபோர்டை வைத்துக்கொண்டு பழைய பிஎஸ்/2 கீபோர்டு இருப்பது போல நடிக்கும். பயாஸில் 'லெகசி' என்று தொடங்கும் அந்த ஒரு வரியை யாராவது அணைத்து வைத்திருந்தால், பழைய பெட்டியில் நிறுவல் சிடியைப் போட்டு 'ஏதாவது ஒரு விசையை அழுத்து' என்று அது கேட்கும்போது எவ்வளவு அழுத்தினாலும் அசையாது. சிடி பழுது, டிரைவ் பழுது என்று சந்தேகப்பட்டுக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். கடைக்காரர் ஒரு பழைய பிஎஸ்/2 கீபோர்டை மாட்டி, பயாஸுக்குள் போய் அந்த வரியை மாற்றிவிட்டால் வேலை முடிந்தது.

நடிப்பை நிறுத்துவதும் சிக்கல்தான். இயங்குதளம் எழுந்து 'இனி நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்லும்போது பயாஸ் ஒதுங்க வேண்டும். பழைய பயாஸ்கள் சில ஒதுங்கவே ஒதுங்காது. லினக்ஸ் 2.6 வரிசையின் ஆரம்ப வருடங்களில் இதற்காகவே தொடக்க வரியில் தனியாக ஒரு சொல் சேர்க்க வேண்டியிருந்தது. மடிக்கணினிகளில் டச்பேடும் கீபோர்டும் ஒரே கட்டுப்பாட்டுச் சில்லில் இருப்பதால் ஒன்று மயங்கினால் இன்னொன்றும் மயங்கும். அதற்கும் தனித்தனி மந்திரச் சொற்கள் உண்டு. லினக்ஸ்காரர்களுக்கு மறக்க முடியாத காலம் 2008, 2009. அதுவரை எக்ஸ் சர்வருக்கு ஓர் அமைப்புக் கோப்பில் 'இதுதான் என் கீபோர்டு, இதுதான் என் மவுஸ்' என்று எழுதி வைக்க வேண்டும். புதுப் பதிப்பு அந்தக் கோப்பைப் பொருட்படுத்தாமல் தானே கருவிகளைக் கண்டுபிடிக்கத் தொடங்கியது. கண்டுபிடிக்கும் துணை நிரல் ஓடாத பெட்டிகளில் அழகான டெஸ்க்டாப் வரும், கடிகாரம் ஓடும், கீபோர்டும் மவுசும் மட்டும் செத்துக் கிடக்கும். அதுவரை அவசரத்துக்கு உதவிய கண்ட்ரோல் ஆல்ட் பேக்ஸ்பேஸ் கூட்டணியையும் உபுண்டு 9.04இல் அணைத்து வைத்துவிட்டார்கள். நேரம் பார்த்து அடித்தது அது!

இந்த விவகாரம் தமிழ்நாட்டைத் தொடாமல் போகவில்லை. 2006, 2007 வாக்கில் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். பொறுப்பில் இருந்தபோது எல்காட் நிறுவனம் சூசி லினக்ஸை அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் கொண்டுபோனது. 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு சென்னை சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. திருச்சி மாவட்டத்துப் பள்ளி மாணவர்கள் பலருக்கு லினக்ஸ் முதலில் கண்ணில் பட்டது இப்படித்தான்.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் அடி விழுந்தது. 2015இல் இன்டெல் தன் புதுச் சில்லுகளில் பழைய யுஎஸ்பி கட்டுப்பாட்டுப் பகுதியை எடுத்துவிட்டது. 2009இல் வந்த விண்டோஸ் 7க்கு யுஎஸ்பி 3 தெரியாது. பழகிய மென்பொருளை விட மனமில்லாமல் புதுப் பெட்டியில் விண்டோஸ் 7 போட முயன்றவர்களுக்கு முதல் திரையிலேயே கீபோர்டும் இல்லை, மவுசும் இல்லை. யாருடைய மதர்போர்டில் அந்த ஒற்றை பிஎஸ்/2 ஓட்டை மிஞ்சியிருந்ததோ அவர்கள் தப்பித்தார்கள். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். பிஎஸ்/2 பிளக்கில் யுஎஸ்பி முனையை மாட்டும் அந்தச் சின்னப் பச்சை மாற்றி எல்லாக் கீபோர்டுக்கும் உதவாது. இரண்டு மொழியும் தெரிந்த கீபோர்டுக்குத்தான் அது உதவும். மற்றவற்றுக்கு உள்ளே சில்லு வைத்த மாற்றி வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் பிஎஸ்/2 கீபோர்டைப் பிடுங்கி மாட்டுவதும் கூடாது, சில பழைய மதர்போர்டுகளில் ஃபியூஸ் போய்விடும்.

டிவிஎஸ் கோல்டு கீபோர்டைச் சொல்லாமல் விட்டால் பாவம். சென்னை டிவிஎஸ் எலக்ட்ரானிக்ஸ் தயாரித்த, டக் டக் என்று சத்தம் போடும் இயந்திர விசைக் கீபோர்டு. வங்கி, தபால் நிலையம், டிடிபி கடை, எங்கே போனாலும் அந்தச் சத்தம் கேட்கும். தட்டச்சுப் பொறியில் பழகிய விரலுக்கு அது ஒன்றுதான் பிடித்தது. 2010 ஜூலையில் ரூபாய்க்கு உதயகுமார் வடிவமைத்த புதுக் குறி வந்ததும் டிவிஎஸ் அதையும் விசையில் அச்சிட்டுவிட்டது. விசையில் குறி இருக்கிறது, அழுத்தினால் திரையில் வரவில்லை! அந்த அக்டோபரில் யுனிகோடில் இடம் கிடைத்து, 2011இல் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 7க்கு ஒரு புதுப்பிப்பு தந்து, பிறகுதான் வந்தது. அந்தப் புதுப்பிப்பு எக்ஸ்பிக்குக் கிடைக்கவில்லை.

வயர் கதை இவ்வளவுதான். ஐம்பது ரூபாய் மாற்றியோ பயாஸில் ஒரு வரியோ எப்படியோ தீர்த்துவிடும். விரல் கதை அப்படியில்லை.

கணினியில் தமிழ் வந்தபோது ஆளுக்கு ஒரு எழுத்துரு, ஆளுக்கு ஒரு விசைப்பலகை. இதை ஒழுங்கு செய்ய 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது. அதிலிருந்து பிறந்ததுதான் தமிழ்99. அந்த ஜூனிலேயே தமிழக அரசு அதை ஏற்று ஆணை போட்டது. உயிரெழுத்துகள் இடது பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலது பக்கம். ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதன் மேல் புள்ளி தானாக விழும். ந அடித்துத் த அடித்தால் 'ந்த'. ஷிஃப்டைத் தொடாமலே 247 எழுத்தும் வரும். நேர்மையாகச் சொன்னால் தமிழுக்கு இதைவிடக் கச்சிதமான விசைப்பலகை வரவில்லை.

ஆனால் 'யளனகபக' விரல்கள் என்ன ஆவது? தட்டச்சுப் பொறியில் க இருப்பது எஃப் இடத்தில். தமிழ்99இல் எச் இடத்தில், எஃப் இடத்தில் புள்ளி. விண்டோஸ் தந்த இன்ஸ்கிரிப்டிலோ க இருப்பது கே இடத்தில். 2000இல் விண்டோஸ் 2000 முதன்முதலாக லதா எழுத்துருவோடு யுனிகோடு தமிழைக் கொண்டுவந்தபோது அதோடு வந்த ஒரே விசைப்பலகை இன்ஸ்கிரிப்ட். தேவநாகரிக்காக யோசித்து எல்லா இந்திய மொழிக்கும் ஒரே அச்சில் வார்த்தது. தமிழ்நாட்டில் அதைத் தேடிப் பிடித்துக் கற்றவர்களை விரல் விட்டு எண்ணலாம். எக்ஸ்பியிலும் அதே கதை. அதுவும் தமிழைத் திறக்கவே கண்ட்ரோல் பேனலுக்குள் போய், ஒரு பெட்டியில் டிக் செய்து, எக்ஸ்பி சிடியைத் தேடிப் போட வேண்டும்.

இடம் மாறியதைவிட வரிசை மாறியதுதான் பெரிய அடி. யுனிகோடில் 'கெ' என்றால் முதலில் க, பிறகு கொம்பு. ஒலிக்கிற வரிசை. திரையில் கொம்பை முன்னால் வரைவது எழுத்துருவின் வேலை. தட்டச்சர் விரலோ கொம்பை முதலில் அடிக்கும். அடித்தவுடன் கொம்புக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வட்டம் முளைக்கும், 'எனக்கு மெய்யெழுத்து எங்கே' என்று கேட்கிற மாதிரி. தட்டச்சுப் பொறி விசைப்பலகையைக் கணினியில் வெறுமனே இடம் மாற்றி வைத்தால் போதாது. கொம்பைப் பிடித்து வைத்துக்கொண்டு, க வரும்வரை காத்திருந்து, வரிசையைத் திருப்பி, அதன் பின் கால் வந்தால் இரண்டையும் சேர்த்து 'கொ' ஆக்கும் ஒரு மூளை நடுவில் வேண்டும். லினக்ஸின் எக்ஸ் விசைப்பலகை அமைப்பில் தட்டச்சுப் பொறி வரிசை இருந்தும் பலருக்கு உதவாமல் போனது இதனால்தான். ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்று மட்டுமே அதற்குத் தெரியும்.

அந்த மூளையைக் கொடுத்தவர்கள் பெரிய கம்பெனிகள் அல்ல. 1993இல் மார்க் டர்டின் என்ற ஆஸ்திரேலியர் லாவோ மொழிக்காக எழுதத் தொடங்கிய கீமேன் என்ற மென்பொருள், முன்னால் அடித்ததை நினைவில் வைத்துத் திருத்தக்கூடியது. அதன் மேல் ஏறி வந்ததுதான் தமிழா குழுவின் எ-கலப்பை. தமிழ் வலைப்பதிவு உலகம் முளைத்ததே அந்தக் கலப்பை உழுத நிலத்தில். பிறகு 2008 வாக்கில் நியூ ஹொரைசன் மீடியா என்எச்எம் ரைட்டரை இலவசமாகக் கொடுத்தது. தமிழ்99, பாமினி, பழைய தட்டச்சு, புதிய தட்டச்சு எல்லாம் ஒரே பொட்டலத்தில். எக்ஸ்பி சிடியும் வேண்டாம். லினக்ஸில் எம்17என் என்ற தொகுப்பிலும் தட்டச்சு முறை வந்து சேர்ந்தது.

மூளை வந்தும் தீராத ஒன்று உண்டு. தட்டச்சுப் பொறியில் 'கௌ' அடிக்கக் கொம்பு, க, ள. தனி ஔகார விசை கிடையாது, ள தான் அந்த வேலையையும் பார்த்தது. காகிதத்தில் யாருக்கும் தெரியாது. யுனிகோடில் 'கௌரி' வேறு, 'கெளரி' வேறு. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், தேடினால் கிடைக்காது. பழைய விரல்கள் எழுதிய கோப்புகளில் 'கெளரி'களும் 'கெளதம்'களும் இன்றும் கொட்டிக் கிடக்கின்றன. மென்பொருள் எவ்வளவு கெட்டியானாலும் அவர் சொல்ல வந்தது ளகரமா ஔகாரமா என்று எப்படி ஊகிக்கும்?

இதில் அரசின் போக்குதான் புரியாத புதிர். 1999இல் தமிழ்99தான் தரம் என்று ஆணை. 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டுச் சமயத்தில், யுனிகோடுதான் குறியீடு என்று ஆணை. ஆனால் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் தட்டச்சுத் தேர்வு 1999க்குப் பிறகும் இருபது வருடங்களுக்கு மேல் இரும்புப் பொறியிலேயே நடந்தது. டிஎன்பிஎஸ்சி குரூப் 4இல் டைப்பிஸ்ட் வேலை வேண்டும் என்றால் அந்தச் சான்றிதழ் வேண்டும். கூடவே கணினி அலுவலகப் பயன்பாட்டுச் சான்றிதழும் வேண்டும். ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண் காலை ஆறு மணிக்குப் பயிலகத்தில் யளனகபக அடித்து ஹையர் பாஸ் செய்து, வேலை கிடைத்து அலுவலகம் போனால் அங்கே இருப்பது கணினி. அந்தக் கணினியில் அந்த வருடம் யாரோ நிறுவிய எழுத்துரு, ஏதோ ஒரு விசைப்பலகை. மாதக்கணக்கில் பயின்ற வேகம் கதவுக்கு வெளியே நிற்கும். அவள் தப்பு என்ன? இலங்கையில் இந்தச் சங்கடம் குறைவு. அங்கே தட்டச்சுப் பொறி முறையைத் தழுவிய ரெங்கநாதன் விசைப்பலகையையே தரமாக்கிக்கொண்டார்கள். அது தமிழ்99 அளவுக்கு நேர்த்தியானதல்ல, ஆனால் கற்றவர்களின் விரலைக் கைவிடவில்லை. தமிழ்நாடு நேர்த்தியைத் தேர்ந்தெடுத்தது சரிதான். தேர்ந்தெடுத்த அன்றே தேர்வையும் மாற்றியிருக்க வேண்டாமா?

மைக்ரோசாஃப்ட்டும் அவசரப்படவில்லை. தமிழ்99 விண்டோஸோடு சேர்ந்தே வந்தது 2019இல், விண்டோஸ் 10இன் மே மாதப் பதிப்பில். அரசாணை வெளியாகி இருபது வருடம். அதற்குள் ஒரு தலைமுறை 'ammaa' என்பதற்குரிய ஆங்கில விசைகளை அடித்து 'அம்மா' வரவைக்கப் பழகிவிட்டது. தமிழை எழுத முதலில் ஆங்கிலத்தில் யோசிக்கும் இந்த முறை வேகமானதல்ல. ஆனால் யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை, எந்தச் சான்றிதழும் வேண்டியதில்லை.

ஸ்ரீரங்கத்தையும் விசைகளையும் பற்றிப் பேசிவிட்டு சுஜாதாவை விட்டால் ரங்கநாதரே மன்னிக்க மாட்டார். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்து, பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்த ரங்கராஜன். மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் அவருக்குப் பங்கு உண்டு. அதன் வாக்குப் பெட்டியும் ஒருவகைக் கீபோர்டுதானே? பதினாறு பொத்தான், ஐந்து மீட்டர் வயர், மறுமுனையில் கட்டுப்பாட்டுப் பெட்டி. வேறு எந்தக் கணினியோடும் எந்தப் புது இயங்குதளத்தோடும் அது ஒத்துப்போகத் தேவையில்லை என்று முடிவு செய்து கட்டிய கீபோர்டு. மற்ற கீபோர்டுகளுக்கு அந்தச் சௌகரியம் வாய்க்கவில்லை.

2025 அக்டோபர் 14ஆம் தேதி விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 ஏறாத பெட்டிகள் பயிலகங்களிலும் பள்ளிகளிலும் டிடிபி கடைகளிலும் குவிந்தன. அவற்றுக்கு லினக்ஸ் ஒரு வழி. அதிலும் 32 பிட் பெட்டிகளுக்குக் கதவு சாத்திக்கொண்டே வருகிறது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 அவற்றுக்கான நிறுவியைக் கைவிட்டது. 64 பிட் பெட்டி என்றால் கவலையில்லை. பிஎஸ்/2 கீபோர்டு இருந்தால் அப்படியே ஓடும். பழைய சீரியல் மவுஸ் இருந்தால்கூட இன்புட்அட்டாச் என்ற சின்ன நிரலால் அதை எழுப்பலாம். பிறகு ஐபஸ் அமைப்புக்குள் போய் எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ் விசைப்பலகைகள் வரிசையாக வரும். தமிழ்99 இருக்கும், இன்ஸ்கிரிப்ட் இருக்கும், ஒலிப்பு முறை இருக்கும். அவற்றுக்கு நடுவில் டைப்ரைட்டர் என்று ஒன்றும் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, இடது கையை நடுவரிசையில் வைத்து யளனகபக என்று அடித்தால், யளனகபக என்றே வரும்.